விளிம்பு செய்த வேலை

கைப்பேசித் திரையைச் சுற்றி ஓடும் கறுப்புப் பட்டைக்குக் கடைத்தெருவில் பெசல் என்று பெயர். பார்ப்பதற்கு வெற்றிடம்போலத் தெரியும் அந்தப் பட்டைக்கு அடியில்தான் திரையின் பாதி உயிர் இருக்கிறது. புள்ளிகளை வரிசை வரிசையாக இயக்கும் நுண்சுற்றுகள் இரு பக்கப் பட்டைகளிலும் செல்கின்றன. மேலிருந்து இறங்கும் மின்தடங்கள் எல்லாம் கீழ்ப்பட்டையில் ஒன்றுகூடி, திரையை இயக்கும் சில்லோடு சேர்கின்றன. எல்சிடி திரையானால், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் திரவப் படிகம் கசியாமல் சுற்றிலும் பூசிய பசை அங்கே இருக்கும். ஓஎல்இடி திரையானால், காற்றும் ஈரமும் நுழையாமல் காக்கும் அடைப்பு இருக்கும். இவை போக மிஞ்சிய இடத்தில்தான் கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்ட வேண்டும். ஒரு காலத்தில் மேலும் கீழும் விரலகலம் இருந்த இந்தப் பட்டை, இன்று சில கைப்பேசிகளில் ஒன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது.

சுருங்கிய கதை நீளமானதல்ல. 2014-இல் ஷார்ப் நிறுவனத்தின் அக்குவோஸ் கிரிஸ்டல் மூன்று பக்கமும் பட்டையைக் கிட்டத்தட்ட மறைத்தது. கீழே மட்டும் ‘தாடை’ எனப்படும் தடித்த பட்டை நின்றது. 2016 அக்டோபரில் ஷாவ்மி, பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க்கை வைத்து மி மிக்ஸ் கைப்பேசியைக் கொண்டுவந்து, முகப்பில் 91.3 விழுக்காடு திரைதான் என்று அறிவித்தது. வெளியே அளந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தேறவில்லை. உண்மையான திருப்பம் 2017-இல் ஐபோன் 10-இல் வந்தது. அதில் கண்ணாடிக்குப் பதிலாக வளையும் பிளாஸ்டிக் படலத்தின்மேல் திரையைச் செய்து, அதன் கீழ்முனையைப் பின்பக்கமாக மடித்து, சில்லைத் திரைக்குப் பின்னால் ஒளித்தார்கள். நான்கு பக்கமும் ஒரே அகலம் என்பது அப்போதுதான் கைகூடியது. விலை குறைந்த கைப்பேசிகளில் தாடை இன்றும் தடித்திருக்கிறது. அவற்றில் சில்லு கண்ணாடியின்மேலேயே, அல்லது அதை ஒட்டிய சிறு படலத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கு இடம் வேண்டும்.

பட்டை மெலிந்தபின் முன்கேமராவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடையாக 2018-இல் விவோ நெக்ஸும், 2019 மே மாதம் ஒன்பிளஸ் 7 ப்ரோவும் மோட்டாரில் எழும்பும் கேமராவைக் காட்டின. தூசி நிறைந்த நம் ஊர்களில் அசையும் பாகம் அதிக நாள் தாங்காது என்ற கவலை கூடவே இருந்தது; மோட்டார் பிடித்த இடம் பேட்டரிக்கு இல்லாமலும் போனது. 2019 செப்டம்பரில் அறிவித்த மி மிக்ஸ் ஆல்ஃபா, திரையை உடலைச் சுற்றியே போர்த்தியது. 19,999 யுவான் என்று விலை சொல்லியும் அது பெருமளவு உற்பத்திக்கு வராமலே கைவிடப்பட்டது. இன்று பெரும்பாலோர் திரையின் மேற்பகுதியில் ஒரு சிறு துளையோடு சமாதானமாகிவிட்டார்கள்.

ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், பொதுத்துறை நிறுவனமான பெல்லின் (பிஎச்இஎல்) குடியிருப்பை ஒட்டிய ராமச்சந்திராபுரத்தில் பல வாரங்கள் அன்றாட வேலைக்குப் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது இந்த வகையில் நடுத்தர விலையுள்ள ஒரு கைப்பேசி: நாற்புறமும் லேசாக வளைந்த, ஓஎல்இடி வகையைச் சேர்ந்த அமோலெட் திரை, இரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டை. சில்லு, நினைவகம், 120 ஹெர்ட்ஸ் ஆகியவற்றில் சொல்ல எதுவும் இல்லை. இந்த விலையில் எல்லாரும் அதையே தருகிறார்கள். திரை அழகு என்பதில் ஐயமே இல்லை. இரவில் நாளிதழின் மின்பதிப்பைத் திறந்தால் பக்கம் காற்றில் மிதப்பதுபோல் நிற்கிறது. பழைய கைப்பேசியின் அகலத்திலேயே பெரிய திரை கிடைப்பதால் சட்டைப்பையிலும் சிக்கலில்லை.

சிக்கல் கையில் எடுத்த பிறகு தொடங்குகிறது. பட்டான்சேருவிலிருந்து லிங்கம்பல்லிப் பக்கம் போகும் பேருந்தில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மற்ற கையில் கைப்பேசி. கட்டைவிரல் திரையின் மேற்பகுதிக்கு எட்டும்போது அதன் அடிச்சதை கீழ் ஓரத்தில் அழுந்துகிறது. பட்டை இருந்த காலத்தில் அந்த அழுத்தத்தைப் பட்டை வாங்கிக்கொண்டது. இப்போது திரை வாங்குகிறது. மேலே நகர்த்தவேண்டிய வரைபடம் இரண்டு விரல் பட்டதாக நினைத்துச் சுருங்கிவிடுகிறது. இதைத் தடுக்க மென்பொருளில் ஓர் ஏற்பாடு உண்டு: ஓரத்தில் விழும் தொடுதல் உள்ளங்கையுடையது என்று ஊகித்து அதை ஒதுக்கும். ஊகம் தவறும்போது விரலின் உண்மையான தொடுதலும் அதோடு போய்விடுகிறது. டீக்கடையில் யூபிஐ பின் பதிக்கும்போது இது தெளிவாகத் தெரியும். 3, 6, 9 மூன்றும் வலது ஓரத்தில் இருக்கின்றன. வலக்கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் 6-ஐ அழுத்தினால் சில நேரம் பதிவதில்லை. மூன்று புள்ளிகளோடு திரை நிற்கிறது, கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி மௌனமாக இருக்கிறது, பின்னால் வரிசை நீள்கிறது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய துன்பம் உண்டு. இதைப் பற்றி ஆங்கில விமர்சனங்களில் ஒரு வரியும் இருக்காது, ஏனென்றால் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது நேர்வதே குறைவு. ஆங்கில விசைப்பலகையின் முதல் வரிசையில் 10 எழுத்துகள். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் 12. முதல் வரிசையின் இடக்கோடியில் ஆ, வலக்கோடியில் ஞ. அடுத்த வரிசையின் இடக்கோடியில் அ, வலக்கோடியில் ய. அந்த அமைப்பை அப்படியே திரையில் விரிக்கும் விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசையும் ஒடுங்கி, இந்த நான்கும் கண்ணாடி வளையும் சரிவிலேயே போய் விழுகின்றன. அகரமும் ஆகாரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியாது. தமிழ்99 முறையில் மெய்யெழுத்துக்குப் பின் ஆ விசையைத் தட்டினால்தான் கா, மா, வா எல்லாம் வரும். ஆகவே மிக அதிகம் தட்டப்படும் விசைகளில் ஒன்று, தொடுதல் மிக அதிகம் ஒதுக்கப்படும் இடத்தில் இருக்கிறது. ‘வாங்க’ என்று எழுதப் போனால் ‘வங்க’ என்று வருகிறது. போதாததற்கு, ஆண்ட்ராய்டில் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் முந்தைய பக்கத்துக்குப் போகும் சைகையும் அங்கேதான் இருக்கிறது; விரல் கொஞ்சம் சறுக்கினால் விசைப்பலகையே மறைந்துவிடுகிறது. அமைப்புகளில் சைகையின் உணர்திறனைக் குறைக்கலாம். விசைப்பலகையை ஒருகைப் பயன்பாட்டுக்கு ஒரு பக்கமாக ஒதுக்கினால் விசைகள் இன்னும் சிறுத்துவிடும். தட்டையான திரையும் இரண்டு மில்லிமீட்டர் பட்டையும் இருந்தால் இந்த வேலையே தேவைப்படாது.

அழைப்பில் இன்னொரு தொல்லை. கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனதும் திரையை அணைக்கும் அகச்சிவப்பு உணரி முன்பு மேல்பட்டையில் ஒரு சிறு புள்ளியாக இருந்தது. பட்டை போனதும் அதற்கு இடமில்லை. மி மிக்ஸ் 2016-லேயே அதற்குப் பதிலாக மீயொலியைப் பயன்படுத்தியது: ஒலிபெருக்கி எழுப்பும், காதுக்குக் கேட்காத ஒலி எதிரொலித்து வருவதை மைக் கேட்டு, கன்னம் அருகில் இருக்கிறதா என்று கணிக்கும். இன்று குறைந்த விலைக் கைப்பேசிகள் பலவற்றிலும் இதுபோன்ற கணிப்புதான். கணிப்பு பிசகும்போது கன்னம் மியூட்டை அழுத்திவிடுகிறது; மறுமுனையில் அம்மா “கேக்குதா, கேக்குதா” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இவையெல்லாம் எரிச்சல்கள். அடைப்பின் கதை வேறு வகை. ஓஎல்இடி புள்ளிகளின் கரிமப் பொருள்களுக்கு ஈரமும் ஆக்ஸிஜனும் நஞ்சு. அடைப்பு அகலமாக இருந்தால் ஈரம் உள்ளே எட்ட வழி நீளும்; பட்டை மெலிந்தால் வழி குறுகும். பெல் ஆலையில் நீராவி விசையாழி செய்பவர்களுக்கு இது புதிதல்ல. உறையின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் தடித்த ஃபிளாஞ்ச் வைப்பது அழுத்தம் தாங்கவும் கசிவு தடுக்கவும்தான். பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதை யாரும் செதுக்க மாட்டார்கள்.

இந்தியாவில் சில ஆண்டுகளாகப் பல நிறுவனங்களின் அமோலெட் திரைகளில் பச்சைக் கோடு விழுவதாகப் புகார்கள் வந்தன. திரைச் சில்லின் இணைப்பு, வெப்பம், ஈரம் என்று காரணங்கள் பலவாகச் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றையும் விளிம்பின் மேல் போட முடியாது. ஆனாலும் ஹைதராபாத்தில் 2019-இல் ஆராய்ச்சி மையம் திறந்த ஒன்பிளஸ், 2024 டிசம்பரில் பச்சைக் கோட்டுக்கு இந்தியாவில் ஆயுள்கால உத்தரவாதம் அறிவித்தபோது கூடச் சொன்னது கவனிக்கத்தக்கது: திரை விளிம்பின் ஒட்டுப்படலத்தை வலுப்படுத்தியிருப்பதாகவும், 85 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் திரைகளைச் சோதிப்பதாகவும் அது தெரிவித்தது. மே மாத வெயிலில் டாஷ்போர்டில் கிடந்து, ஆடி மழையில் சட்டைப்பையில் நனையும் ஒரு பொருளுக்கு இப்படிப்பட்ட உத்தரவாதத்தை மற்ற நிறுவனங்களும் தந்தாக வேண்டும்.

வளைந்த திரைக்குச் சாதாரண டெம்பர் கிளாஸ் பொருந்தாது, ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆகவே கடைகளில் திரவப் பசையை ஊற்றி, மேலே கண்ணாடியை வைத்து, புறஊதா விளக்குக் காட்டி இறுக்குகிறார்கள். பசை பரவி ஓரத்துக்கு வரும்போது பார்த்தால் பயமாக இருக்கும்: காதொலிப் பிளவுக்குள்ளோ பொத்தான் இடுக்குக்குள்ளோ போகாமல் அதைத் தடுக்கப் பட்டை ஏதும் இல்லை. உள்ளே இறங்கி இறுகிவிட்டால் குரல் மங்கும், பொத்தான் சிக்கும். விழுந்து ஓரத்தில் விரிசல் விட்டாலோ கண்ணாடியை மட்டும் மாற்றுவது அரிது. திரையும் டச்சும் சேர்ந்த காம்போவையே மாற்ற வேண்டும். ஆபிட்ஸில் உள்ள ஜகதீஷ் மார்க்கெட்டில் மலிவான காம்போ கேட்டால் பெரும்பாலும் மாற்றுத் தயாரிப்புதான் கிடைக்கும். அதன் பட்டை கண்ணுக்குத் தெரிந்தே தடித்திருக்கும். மெல்லிய விளிம்புக்குக் கொடுத்த காசு முதல் பழுதிலேயே போய்விடுகிறது.

இனி வரப்போவது இரண்டு திசைகளில் தெரிகிறது. கேமராவைத் திரைக்கு அடியில் வைக்கும் முயற்சி 2020-இல் இசட்டிஇ ஆக்ஸான் 20-இல் விற்பனைக்கு வந்தது. 2021-இல் சாம்சங் இசட் ஃபோல்டு 3-இல் தொடர்ந்தது. புள்ளிகளின் இடைவெளியில் புகுந்து வரும் ஒளி சிதறுவதால் படம் மங்கும் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. மறுபக்கம், 2014-இல் நோட் எட்ஜில் ஓர வளைவைத் தொடங்கிய சாம்சங்கே, 2024-இல் எஸ்24 அல்ட்ராவைத் தட்டையாக்கியது. ஐபோன் 16 ப்ரோவும் பட்டையை மெலிதாக்கியிருந்தாலும் திரையைத் தட்டையாகவே வைத்திருக்கிறது. நான்கு பக்கமும் சமமான, இரண்டு மில்லிமீட்டர் அளவிலான பட்டையும் தட்டையான கண்ணாடியும் சேர்ந்தால் கண்ணுக்கும் குறையில்லை, கைக்கும் குறையில்லை. அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் விளம்பரப் படத்தில் மட்டுமே தெரிகிறது.

கடையில் வாங்குபவர்கள் திரையின் விழுக்காட்டை விட்டுவிட்டு, காட்சிக்கு வைத்த கைப்பேசியை ஒரு கையில் பிடித்துத் தமிழ்99-இல் நான்கு வரி தட்டிப் பார்க்கலாம். பிறகு அசல் காம்போவின் விலையைக் கேட்டுக்கொள்ளலாம்.