மூலதனமும் மலையக நலவாழ்வும்

"அந்நிய மூலதனம் வரட்டும், மக்கள் நலம் தானே பின்தொடரும்" என்னும் வாதம், 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றபின், மீண்டும் உரத்துப் பேசப்படுகிறது. இதனைச் சோதித்தறியக் கண்டி மலைகளைவிடத் தகுந்த இடம் இல்லை. கோப்பியின் வடிவில் 1820களிலேயே அந்நிய மூலதனம் இங்கு கால் பதித்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டில் கண்டிக்குப் புகைவண்டியும் வந்தது.

தோட்ட முதலாளிகள் தொழிலாளர்க்கு எதுவுமே செய்யவில்லை என்பது நேர்மையாகாது. லயன் அறையும், பிள்ளைமடுவமும், மருந்தகமும், ஒற்றை ஆசிரியர் பள்ளியும் இருந்தன. ஆயினும், உழைக்கும் உடல் மறுநாட் காலைப் பெரட்டுக்கு வந்து நிற்க எவ்வளவு தேவையோ அவ்வளவே அளந்து தரப்பட்டது. உழவு மாட்டுக்கு இடும் வைக்கோலை எவரும் நலத்திட்டம் என்று கூறுவதில்லை.

அங்ஙனமாயின், உலகம் வியந்த இலங்கையின் இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் எவ்வாறு பிறந்தன? 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டவர்கள் மக்களுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டனர். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைய அரசின் செலவைத் தாங்கியதில் தேயிலைக்கும் இறப்பருக்கும் பெரும்பங்கு உண்டு.

அத்தேயிலையைக் கொய்தவர் கதி யாது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அவ்வாறு அனுப்பிய தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் வாக்காளரே அல்லர். தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

நம்மவர் சிலர் நம்பிய எளிய விடையும் தேறவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினும் லயன்கள் நின்ற இடத்திலேயே நின்றன. குடியுரிமை படிப்படியாக மீண்டுவந்த 1980களில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் பெருமளவில் ஆசிரியராயினர்.

இதிலிருந்து தெளிவது ஒன்று. மூலதனம் செல்வத்தைப் பெருக்கலாம். அச்செல்வம் யாருடைய பிள்ளைக்குப் பள்ளியாகும் என்பதை உழைப்பவரின் அரசியல் உரிமையே தீர்மானிக்கிறது. ஆதலின், இனி எந்த முதலீட்டு ஒப்பந்தம் வந்தாலும், எத்தனை கோடி என்று கேட்பதோடு அமையாதீர்கள், நண்பர்களே. அங்கு உழைக்கப்போகிறவர்க்குச் சங்கம் அமைக்கவும், கணக்குக் கேட்கவும், குடியிருக்கும் நிலத்தைச் சொந்தமாக்கவும் உரிமை உண்டா என்று கேளுங்கள்.