கழற்றிப் பூட்டிய ஹரிகேன்

அமெரிக்காவில் பழைய பிக்-அப் வைத்திருப்பவர்கள் பெரிய இன்ஜின் என்று சொன்னால், அது செவ்ரோலெட் 454 மாதிரி 7.4 லிட்டர் சமாசாரம். இங்கே அம்பாசிடர் 1,489 சி.சி.யிலும் பத்மினி 1,089 சி.சி.யிலும் ஓடிய காலத்தில் 2,199 சி.சி. பெட்ரோல் இன்ஜினே பெரிய தலைதான். வில்லிஸ் ஜீப்புக்காகப் பிறந்து, மஹிந்திரா வழியாக இந்தியா முழுக்கப் பரவிய ஹரிகேன் அது. மந்தைவெளி நண்பரின் மஹிந்திரா எஃப்.சி.-150 பிக்-அப்பில் அதன் சொந்த இன்ஜின் பிளாக் வெடித்துப் போனது. புதுப்பேட்டையில் அதே வகையில் ஒரு பழைய இன்ஜின் தேடிப் பிடித்து, முழு வேலை பார்த்து ஏற்றியிருக்கிறார். வேலை நடக்கும்போது கூடவே நின்றேன். முடிந்ததும் சாவியைக் கேட்டு வாங்கி ஓட்டினேன்.

எஃப்.சி. மூக்கில்லாத வண்டி. டிரைவர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார வேண்டும்; இரண்டு சீட்டுக்கும் நடுவே பெட்டி போட்டு மூடிய இன்ஜின். வீல்பேஸ் 81 அங்குலம்தான். ஒடித்துத் திருப்புவதற்கு இதைவிடத் தோதான வண்டி மயிலாப்பூர் சந்துகளுக்குக் கிடைக்காது.

“டீசல் போட்டுடு சார், இது குடிக்கும்” என்றார் மெக்கானிக். எல்லா மெக்கானிக்கும் இதைத்தான் சொல்வார்கள். பழைய மஹிந்திராக்களில் பெரும்பாலானவை ஹரிகேனை இறக்கிவிட்டு டீசலுக்கு மாறியவை. பியூஜோ வடிவமைப்பில் வந்த 2,498 சி.சி. டீசலுக்கு இன்றும் மவுசு. ஆனால் சீட்டுக்குப் பக்கத்திலேயே டீசல் அதிர்வை வைத்துக்கொண்டு ஓட்டுவது தண்டனை. வாரம் முழுக்க லோடு அடிப்பவர் டீசலுக்குப் போகட்டும். மற்றவர்கள் பெட்ரோலோடு இருப்பதுதான் சரி என்பது என் கட்சி.

பழைய ஹரிகேன் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எக்ஸாஸ்ட் வால்வ் சீட். இந்த இன்ஜினில் இன்லெட் வால்வ் மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வ் பக்கவாட்டில் பிளாக்கில். சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இரும்புதான் சூட்டில் விரிசல் விடும் இடம். அங்கே கோடு தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் நடையைக் கட்டுங்கள். அடுத்தது போர் தேய்மானம். மேல் ரிங் ஓடும் இடத்துக்கும் அடிப்பகுதிக்கும் ஐந்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், வெறும் ரிங் மாற்றிப் பயனில்லை. போர் போட்டே ஆக வேண்டும்.

இதில் 30 தௌ போட்டார்கள். லேத்துக்கு பிளாக்கை அனுப்புமுன் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். போர் போட்டுவிட்டு பிஸ்டன் தேடினால், கிடைத்த சைஸுக்காக இன்னொரு தடவை இரும்பைத் தின்ன வேண்டிவரும். சென்னை பிஸ்டனுக்குப் பேர்போன ஊர். இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே இங்கே தொடங்கிவிட்டது. ஆனாலும் இந்த இன்ஜினுக்கு நாலு பிஸ்டனும் ஒரே சைஸில் கிடைக்க ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார் நண்பர்.

ஹெட் கழற்றும்போதுதான் இந்த இன்ஜினின் குசும்பு தெரியும். சுற்றியுள்ள போல்ட் எல்லாம் எடுத்தாச்சு, ஹெட் அசையவில்லை. தெரியாதவர் கடப்பாரையைச் செருகுவார், ஓரம் பெயர்ந்துவிடும். இன்லெட் மானிஃபோல்டு தனியாக இல்லாமல் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. கார்புரேட்டர் அதன் தலையில் உட்கார்கிறது. கார்புரேட்டரை எடுத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: பெட்ரோல் போகும் பாதையிலேயே, கரி படிந்து, ஒரு ஹெட் போல்ட். பூட்டும்போதும் இதே கதை. எல்லா போல்ட்டும் 60 முதல் 70 அடி-பவுண்டு முறுக்கில் இருக்க வேண்டும். இன்ஜின் சூடேறி ஆறியபின் மறுமுறை டைட் வைக்கையில் இந்த ஒன்றுக்காகவே கார்புரேட்டர் மறுபடி கீழே இறங்க வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் கேஸ்கெட் அங்கேதான் ஊதும். டேப்பெட் இடைவெளி இன்லெட்டுக்கு 18 தௌ, எக்ஸாஸ்ட்டுக்கு 16 தௌ, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. எக்ஸாஸ்ட் டேப்பெட்டுக்குக் கையை விட மானிஃபோல்டு இடுக்கில்தான் வழி. முழங்கை தோல் உரியும்.

சரி, ஓட்டம் எப்படி? வில்லிஸ் கணக்கில் 72 குதிரைத்திறன். அது பெரிய விஷயமில்லை. ஆனால் சுமார் 155 நியூட்டன் மீட்டர் இழுவை 2,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. டர்போ இல்லாத இன்றைய 1.5 லிட்டர் பெட்ரோல் கார்களுக்கு இந்த அளவை நெருங்கவே 4,000 சுற்றைத் தாண்ட வேண்டும். மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரை ஆட்டோக்களின் பின்னால் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தேன். ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை, இன்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை. முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். அதனால் இந்த இரண்டாவது கியர் இழுவைதான் ஓட்டுநருக்குக் காப்பு. அடையாறு திரு.வி.க. பாலத்தில் 50-ஐத் தொட்டதும் போதும் என்று சொல்லிவிடுகிறது. 111 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினை விரட்டினால் அடி வாங்குவது பேரிங்தான். ஈ.சி.ஆர். கனவு வேண்டாம்.

குறைகள் உண்டு. வெயிலில் தி.நகர் போய் பாண்டி பஜாரில் நிறுத்திவிட்டு வந்தால், இன்ஜின் பெட்டிக்குள் வெக்கை தேங்கி பெட்ரோல் ஆவியாகி, ஸ்டார்ட் எடுக்க அடம்பிடிக்கிறது. பெட்டியின் மூடியைத் திறந்து காத்திருக்க வேண்டியதுதான். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதைத் தாங்காது. இன்ஜின் வேலையோடு அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. மைலேஜ் லிட்டருக்கு ஏழெட்டு. இடது தொடை வேகிறது.

காகிதம் தனி வேலை. புதுப்பேட்டையில் பில் இல்லாமல் இன்ஜினைத் தொடாதீர்கள், ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யின் இன்ஜின் எண்ணை மாற்ற அது வேண்டும். 2021-ல் வந்த வின்டேஜ் விதிப்படி 50 வயது தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். இன்ஜினையோ சேஸியையோ மாற்றியமைத்த வண்டிக்கு அது கிடையாது என்பதால் டீசல் ஏற்றியவர்கள் ஆசைப்பட முடியாது. நண்பர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அந்தப் பதிவு வாங்கிவிட்டால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுது தவிர வேறு எதற்கும் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது. அவருக்கோ மாடித்தோட்டத்துக்கு மண்ணும் தொட்டியும் ஏற்றிவர வண்டி வேண்டும்.