இறக்கியது இறக்கியாச்சு

பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரசிப்பவர்கள் பெயிண்ட்டைத் தடவிப் பார்ப்பார்கள், என்ஜின் சத்தத்துக்குக் காது கொடுப்பார்கள். எனக்கு அதைவிட ருசி, பட்டறையில் எழுதும் வேலைப் பட்டியலில். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு மெக்கானிக்கின் தரம் அதில் தெரிந்துவிடும். எதைச் சேர்த்தார் என்பதோடு, எதை விட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்துப் பழக போர்ஷே 944-இன் கிளட்ச் வேலையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1981-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1982 முதல் 1991 வரை விற்பனையான கார் இது. தொடக்கத்தில் 2,479 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜின் முன்னால். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியலோடு சேர்ந்து பின்னால். இரண்டு அச்சுகளுக்கும் எடையை ஏறக்குறைய சமமாகப் பங்கிடத்தான் இந்த ஏற்பாடு. இரண்டையும் இணைக்கிறது டார்க் டியூப் எனப்படும் கெட்டியான குழாய். என்ஜினின் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் ஒல்லியான ஷாஃப்ட் அந்தக் குழாய்க்குள் பேரிங்குகளில் ஓடுகிறது. வளைவில் கார் அவ்வளவு நிதானமாகத் திரும்புவதற்கு இந்த அமைப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தச் சுகத்துக்கான விலையை மெக்கானிக் கொடுக்கிறார். 1972-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டாவிலும் கியர்பாக்ஸ் பின்னால்தான். ஆனால் கிளட்ச்சும் அதனோடே பின்னால் போய்விட்டது. போர்ஷே பொறியாளர்கள் கிளட்ச்சை என்ஜினின் வாலிலேயே வைத்தார்கள். அதனால் 944-இல் கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்க்கவே சைலன்சர் குழாயை இறக்க வேண்டும். இரண்டு டிரைவ் ஷாஃப்ட்களையும் கியர்பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். கியர் ராடை விடுவித்து, டார்க் டியூபுக்குள் ஓடும் ஷாஃப்ட்டின் கப்ளிங்கைத் தளர்த்தி, கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். பிறகு டார்க் டியூபைப் பின்னுக்கு நகர்த்தி, பெல் ஹவுசிங்கை எடுத்தால்தான் பிளேட்டின் முகம் தெரியும். ஒரு தட்டை மாற்றுவதற்குக் காரின் முதுகெலும்பையே தள்ளிவைக்கிற வேலை.

இத்தனை தூரம் போகவைக்கிற பிளேட்டும் விசித்திரமானதுதான். மற்ற கார்களில் கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங்குகள் இருக்கும். 944-க்குத் தொழிற்சாலையில் போட்ட பிளேட்டில் நடுப்பகுதி ரப்பர். பெரிய நான்கு சிலிண்டர் என்ஜின் ஐடிலில் ஓடும்போது அதன் துடிப்பு கியர்களை உதறவைக்கும். அந்த உதறலை ரப்பர் விழுங்கிவிடும். நேர்த்தியான யோசனைதான். ஆனால் ரப்பருக்கு வயதாகும். சூட்டிலும் எண்ணெயிலும் இறுகி, வெடித்து, ஒரு நாள் பிய்ந்துபோகும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அடியில் 'டக்' என்று இடி கேட்கும். உராயும் முகத்தில் இன்னும் சரக்கு பாக்கி இருந்தாலும் பிளேட்டின் கதை அங்கே முடிந்தது. இப்போது பலரும் ஸ்பிரிங் நடுவுள்ள பிளேட்டைப் போடுகிறார்கள். ஐடிலில் கியர் லேசாகக் கரகரக்கும், ஆயுள் கூடும். காரின் பழைய மௌனம் வேண்டுமா, நீண்ட ஆயுள் வேண்டுமா என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்ல பட்டறையின் லட்சணம்.

பட்டியல் எழுதுவதற்கு முன் நோய் பார்க்க வேண்டும். இங்கே இந்தக் காரின் அமைப்பே துப்புக் கொடுக்கிறது. சாதாரணக் காரில் பெல் ஹவுசிங்கிலிருந்து எண்ணெய் சொட்டினால் அது என்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்று தடுமாற வேண்டும். 944-இல் கியர்பாக்ஸ் இருப்பது காரின் அந்தக் கோடியில். ஆகவே பெல் ஹவுசிங்கில் என்ஜின் ஆயில் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீலை. பிரேக் ஆயில் தெரிந்தால் பக்கத்திலேயே இருந்து கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரை. காதுக்கும் வேலை உண்டு. நியூட்ரலில், பெடலில் கால் வைக்காதபோது வரும் முனகல் பெடலை அழுத்தியதும் நின்றுவிட்டால், டார்க் டியூப் பேரிங் அல்லது கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங் பேசுகிறது. பெடலை அழுத்தும்போது சத்தம் பிறந்தால் ரிலீஸ் பேரிங். இதை வண்டி ஓடும் நிலையில் கேட்டால்தான் உண்டு. எல்லாவற்றையும் இறக்கிய பிறகு கேட்க எதுவும் மிச்சமிருக்காது.

இனிப் பட்டியல். "இறக்கியது இறக்கியாச்சு, இதையும் பார்த்துடலாம்" என்ற பட்டறைப் பேச்சுதான் இதன் பலமும் பலவீனமும். கடிவாளம் இல்லாமல் விட்டால் அந்த ஒரு வாக்கியம் கிளட்ச் வேலையை முழு ரெஸ்டோரேஷனாக ஆக்கிவிடும். கடிவாளம் ஒரே கேள்விதான்: இதை இப்போது விட்டால், மறுபடியும் இதே வழியாக வர வேண்டியிருக்குமா?

ஆமாம் என்றால் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பிளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், ரிலீஸ் ஃபோர்க் ஆடும் ஷாஃப்ட்டின் ஊசி பேரிங்குகள், கிராங்க்கின் பின் சீல். இவற்றில் எதற்கும் கேள்விக்கே இடமில்லை. பிளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் தரையில் இருக்கும்போது அதன் சீல்கள், மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டுகளின் கிரீஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். டார்க் டியூப் பேரிங்கில் சத்தம் இருந்தால், குழாயை முழுதாக வெளியே எடுக்கப் பின் சஸ்பென்ஷனையும் இறக்க வேண்டும். அதற்கான நாளையும் பணத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். டைமிங் பெல்ட் இந்த என்ஜினின் உயிர்நாடி. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். அதற்காக அதைக் கிளட்ச் பில்லில் நுழைக்க வேண்டியதில்லை. அது முன்பக்கத்து வேலை. அதற்கென்று தனிக் கெடு உண்டு.

எந்த விதிக்கும் விலக்கு உண்டு. ஸ்லேவ் சிலிண்டரைக் கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். கேள்வியின்படி அது பட்டியலில் வரக் கூடாது. இருந்தும் அனுபவசாலிகள் சேர்ப்பார்கள். பழைய பிளேட் தேயத் தேய ஸ்லேவின் பிஸ்டன் இருக்கும் இடமும் மெல்ல நகர்ந்திருக்கும். புது பிளேட் போட்டதும் அது நெடுநாள் போகாத பழைய இடத்துக்குத் திரும்பும். அங்கே துரு இருந்தால் சீலை அறுத்துவிடும். புது கிளட்ச் போட்ட சில வாரங்களில் பெடல் தரையோடு போகிற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

ரசிகனுக்கு உச்சம் திருப்பிப் பூட்டும்போது வருகிறது. பெல் ஹவுசிங்கின் மேல் இரண்டு சென்சார்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பிளைவீலின் பற்களை எண்ணி வேகம் சொல்லும். மற்றொன்று பிளைவீலில் பதித்த ஒரு சின்ன ஸ்க்ரூவைப் பார்த்து கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும். சென்சார் முனைக்கும் பிளைவீலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.8 மில்லிமீட்டர். புது பிளைவீல் போடும்போது அந்த ஸ்க்ரூவை மாற்றிப் பொருத்த மறந்தால், எல்லாம் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பும்போது என்ஜின் பிடிக்காது. திரும்பவும் சைலன்சரிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நல்ல பட்டியலில் அந்த ஸ்க்ரூவுக்கும் தனி வரி இருக்கும்.

பழைய 944 வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. "கிளட்ச் புதுசு" என்று விற்பவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள், பில்லைக் கேளுங்கள். அதில் பின் சீல், பைலட் பேரிங், ஃபோர்க்கின் ஊசி பேரிங், ஸ்லேவ் சிலிண்டர் எல்லாம் தனித்தனி வரியாக இருந்தால், யோசித்து வேலை செய்த கைக்குக் கொடுக்கும் காசு என்று நினைத்து, கேட்ட விலையைக் கொடுக்கலாம். கிளட்ச் பிளேட் என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், அந்த வேலை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதியின் செலவைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.