லேசர் காப்பதும் பறிப்பதும்

சலரோகம் இரு கண்களின் விழித்திரையையும் மெல்ல மெல்லப் பட்டினி போடுகிறது. நுண்குழாய்கள் அடைபட, உயிர்வளி கிடைக்காத திசு புதுக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. அவை வலுவற்றவை, வெடித்துக் குருதி கசிந்தால் பார்வை மறையும். லேசர் அடிக்கும்போது விழித்திரையின் ஓரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு தீப்புள்ளிகள் இடப்படுகின்றன. ஓரத்தின் தேவை குறைய, மிச்சத் திசுவுக்கு உயிர்வளி போதுமாகிறது. புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. கிணறு வற்றும் கோடையில் சில பாத்திகளைக் கைவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கணக்கே இது.

இந்தக் கணக்கு சோதித்துப் பார்க்கப்பட்டது. 1940களின் இறுதியில் ஜெர்மனியின் கண் மருத்துவர் மேயர்-ஷ்விக்கராத் சூரிய ஒளியைக் குவித்து விழித்திரையைச் சுட்டார். பின்னர் அமெரிக்காவில் 1,700க்கு மேற்பட்டோரின் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளிச் சிகிச்சை அளித்து, மற்றக் கண்ணோடு ஒப்பிட்டார்கள். 1976இல் வெளியான முடிவின்படி, கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

ஆனால் விலையும் உண்டு. பக்கப் பார்வை சுருங்கும். இருட்டில் கண் தடுமாறும். விடியுமுன் கடலுக்குப் போகும் குருநகர்த் தொழிலாளிக்கோ, மாலையில் ஒழுங்கைகளில் சைக்கிளோடும் முதியவருக்கோ இது சின்ன இழப்பல்ல. வலியும் இருக்கும், விழித்திரையின் மையப் பகுதி வீங்கவும் கூடும். போன பார்வையை லேசர் மீட்டுத் தராது.

அப்படியானால் புதுக் குழாய்களை ஒடுக்கக் கண்ணுக்குள் போடும் மருந்தூசியே மேலா? பக்கப் பார்வையை ஊசி அதிகம் பாதிப்பதில்லை. லேசருக்கு அது சளைத்ததல்ல என்று 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். இடையில் வராமல் விட்டவர்களில், ஊசியை மட்டும் நம்பியவர்களின் கண்களே லேசர் பெற்ற கண்களைவிட மோசமாயின என்று 2019இல் இன்னோர் ஆய்வு சொன்னது. நெடுந்தீவுக்காரர் குறிகட்டுவான்வரை படகிலும், பிறகு பஸ்ஸிலும் யாழ் போதனா வைத்தியசாலைக்கு வர வேண்டும். தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2006இல் மூடப்பட்டதையும், 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்ததையும் கண்ட குடாநாடு இது. இங்கே தவணை தவறுவது நோயாளியின் அசட்டையால் மட்டுமல்ல.

ஆகவே மையப் பகுதி வீங்கிப் பார்வை குறைந்திருந்தால் ஊசி முந்தட்டும். புதுக் குழாய்கள் முளைத்து, தவறாமல் வந்துபோக முடியாத நிலையிலும் இருப்பவருக்கு, பழையதானாலும் லேசரே நம்பகமான காவல். எதைக் காக்கிறது, எதைப் பறிக்கிறது என்பதை அடிப்பதற்கு முன்பே அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லிவிட வேண்டும்.

நோய் முற்றும்வரை கண் வலிக்காது. பெரும்பாலும் பார்வையும் மங்காது. அதனால் நாற்பது, ஐம்பது வயதில் சலரோகம் என்று தெரிந்தால், பார்வை தெளிவாக இருக்கிறதே என்று காத்திராமல் அப்போதே இரு கண்களையும் சோதியுங்கள். பிறகு ஆண்டுதோறும் சோதியுங்கள்.