ஒரே மூட்டை, தனித்தனிக் கணக்கு

கோவில்பட்டி பக்கம் கரிசல்ல பருத்திக்கு ஊடுபயிரா உளுந்து போடுவாங்க. உளுந்து ரெண்டரை மாசத்துல கைக்கு வந்துரும், பருத்தி அதுக்கப்புறமும் நின்னு வெடிக்கும். நிலம் ஒண்ணுதான் என்பதற்காக ரெண்டையும் ஒரே சாக்கில் கொட்டி யாரும் எடை போடுவதில்லை. மின்வழிப் பாடங்களில் மட்டும் அப்படித்தான் எடை போடுகிறோம்.

2020 அக்டோபரில் நிஷ்டா ஆசிரியர் பயிற்சி திக்‌ஷா தளத்துக்கு வந்தது. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு 18 மாட்யூல். விளாத்திகுளமோ கயத்தாறோ, எங்கே இருந்தாலும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சேர்ந்து முடிக்கணும். "எல்லாத்தையும் ஒண்ணா போட்டா என்ன?" என்று யாருக்கும் தோணும். நியாயமான கேள்வி. ஆனா அந்த அலைச்சலில் ஒரு நன்மை உண்டு: எதை முடித்தார், எதில் நின்றார் என்பது தெளிவாகத் தெரியும். ஒண்ணாக்கும்போது முதலில் தொலைவது இதுதான்.

தொலையணும்னு கட்டாயம் இல்லை. ஸ்கார்ம் தரத்தில் 'ஸ்கோ' என்று ஓர் அலகு உண்டு. எல்எம்எஸ்ஸோடு நேரடியாகப் பேசி, தன் நிலையையும் மதிப்பெண்ணையும் அனுப்பக்கூடிய பாடத்துண்டு அது. ஒரு ஜிப்புக்குள் எத்தனை ஸ்கோ வேண்டுமானாலும் வைக்கலாம். மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு வரி, தனி அடையாளப் பெயர். இன்டெக்ஸ் என்ற பெயரில் ஆளுக்கொரு கோப்பு மோதாமல் இருக்கத் தனித்தனி ஃபோல்டர். மெனக்கெட்டால் ஒரு நாள் வேலை.

இதைச் செய்யாமல் பலரும் குறுக்குவழியில் போகிறார்கள்: எல்லா மாட்யூலையும் ஒரே ஸ்கோவாக ஒட்டிவிடுவது. ஸ்கார்ம் 1.2ல் ஒரு ஸ்கோவுக்கு ஒரே நிலைதான். 18ல் 17ஐ முடித்தவருக்கும் 'முடியவில்லை', ஒன்றை மட்டும் திறந்து பார்த்தவருக்கும் 'முடியவில்லை'. விட்ட இடத்தைக் குறித்து வைக்கும் சஸ்பெண்ட் டேட்டாவுக்கும் 4096 எழுத்துதான் இடம். 18 மாட்யூலின் நினைவையும் அதுக்குள்ள திணிச்சா பிதுங்கத்தான் செய்யும்.

சரி, முறையாகத் தனித்தனி ஸ்கோவாகவே கட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். அப்பவும் பிரச்சினை தீராது. மூடுல் அவற்றைத் தனித்தனியாகவே பதிகிறது. ஸ்கார்ம் அறிக்கையைத் திறந்தால் எல்லாம் இருக்கும். ஆனால் மதிப்பெண் பட்டியலுக்கு அனுப்பும்போது முழுப் பொதிக்கும் ஒரே எண். அது உயர்ந்த மதிப்பெண்ணா, சராசரியா, கூட்டுத்தொகையா, முடித்த ஸ்கோக்களின் எண்ணிக்கையா என்று அமைப்பில் நாம்தான் தேர்ந்தெடுக்கணும்.

சராசரியை எடுத்துப் பாருங்க. ஐந்து மாட்யூலில் ஒரு ஆசிரியர் நான்கில் 90, ஒன்றில் 20. சராசரி 76. ஐந்திலும் 76 வாங்கியவரும் அதே வரிசையில் நிற்பார். அந்த 20, மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பது பற்றிய மாட்யூலில் வந்ததுன்னா? உதவி தேவைப்படுகிற ஆசிரியர் அந்தப் பட்டியலில் கண்ணுக்கே தெரிய மாட்டார். உயர்ந்த மதிப்பெண் என்று வைத்தால் இன்னும் மோசம், அவர்தான் முதலிடம்!

என் விமர்சனம் தொழில்நுட்பத்தின் மீதில்லை. தனிக்கணக்குக்கு வழி 2001லேயே வந்துவிட்டது. மேலே அனுப்ப ஒரு எண் போதும் என்று நினைக்கிற நிர்வாகப் பழக்கத்தின் மீதுதான். பயிற்சிப் பொதியை வாங்குகிறவர்கள் "ஒரே லிங்கில் திறக்குதா?" என்று கேட்கிறார்கள். அதோடு இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கணும்: உள்ளே எத்தனை ஸ்கோ? மாட்யூல்வாரியான அறிக்கையை யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டாவதுக்குப் பதில் இல்லையென்றால், நிஷ்டா மாதிரி தனித்தனியாகவே விட்டுவிடுவது மேல். ஆசிரியருக்குக் கொஞ்சம் அலைச்சல்தான். ஆனா அவர் எங்கே திணறினார் என்ற தகவலாவது மிஞ்சும்.