எதற்குப் பதிலாக?

விளையாட்டுப் பக்கங்களில் புழங்கும் சொற்களில் எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது ‘நட்பு ஆட்டம்’. இரண்டு நாடுகளின் கால்பந்துச் சங்கங்கள் பேசி, தேதி குறித்து, கோப்பை எதுவும் இல்லாமல் ஆடுகிற ஆட்டத்துக்கு இந்தப் பெயர். இவற்றில் விறுவிறுப்பில்லை, வீரர்கள் மனம்வைத்து ஆடுவதில்லை, கூட்டமும் சேர்வதில்லை என்கிறார்கள். ஆகவே நட்பு ஆட்டங்களை நிறுத்திவிட்டு, அண்டை நாடுகள் தங்களுக்குள் ஒரு வட்டாரப் போட்டித்தொடரை நடத்திக்கொள்ளலாம் என்ற யோசனை வலுப்பெற்றுவருகிறது. ஐரோப்பா 2018 செப்டம்பரில் நேஷன்ஸ் லீக்கைத் தொடங்கி, நட்பு ஆட்டங்களில் பெரும்பகுதியை அதற்குள் இழுத்துக்கொண்டது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் 2025இல் அதே வழியை அறிவித்தது.

இந்த யோசனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் முதல் சொல்லிலேயே ஒரு பிசகு இருக்கிறது. ‘பதிலாக’ என்கிறார்கள். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைத் தருவதானால், முதலில் அந்த ஒன்று கையில் இருந்திருக்க வேண்டும். தெற்காசியப் பெண்களின் கையில் நட்பு ஆட்டம் எப்போது இருந்தது?

2009இல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியப் பெண்கள் அணி நீக்கப்பட்டது. தோற்றதற்காக நீக்கவில்லை. பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாததற்காக நீக்கினார்கள். நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டின் பெண்களை யாரும் ஆட அழைக்கவில்லை. இவர்கள் சார்பில் யாரையும் அழைக்க, அழைக்கும் இடத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

இது என்றுமிருந்த நிலை என்று நினைத்துவிட வேண்டாம். 1975இல் இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கென்று தனிக் கூட்டமைப்பு உருவானது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1983இல் பாங்காக்கிலும் இரண்டாமிடம். 1990களின் தொடக்கத்தில் இந்த ஆட்டம் ஆண்கள் கால்பந்தை நடத்திவந்த தேசியக் கூட்டமைப்பின் கீழ் போனது. தனிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவள் பெரிய வீட்டுக்குள் அழைக்கப்பட்டாள். உள்ளே போனபின் அவளுக்கு இலை போட யாருக்கும் நினைவில்லை. 2009இன் நீக்கம் அந்தப் பெரிய வீட்டுக்குள் நடந்தது.

வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்களை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். வகுப்பில் அவற்றை நடத்தும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படும். நட்பு என்பது தேர்ந்துகொள்ளவும் ஆராயவும் விலகவும் உரிமை உள்ள இருவருக்கு இடையில்தான் அமைகிறது. அழைப்பதற்கும் மறுப்பதற்கும் உரிமை இல்லாத ஒருத்திக்கு நட்பு ஆட்டம் என்பது பிறர் மனம்வைத்தால் கிடைப்பது, வைக்காவிட்டால் கிடைக்காமல் போவது.

போட்டித்தொடரின் பலம் இங்கேதான் தெரிகிறது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட மறு ஆண்டு, 2010 பிப்ரவரியில், டாக்கா தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கால்பந்து இடம்பெற்றது; இந்தியா தங்கம் வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் பங்களாதேஷின் காக்ஸ் பஜாரில் முதல் தெற்காசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. அதையும் இந்தியா வென்றது. அந்த அணியை மறுபடி புல்தரையில் இறக்கியவை இரண்டு வட்டாரத் தொடர்கள். நாள்காட்டியில் தேதி விழுந்துவிட்டால் அணி அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் ஏன் என்று பதில் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை பார்க்கும் செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரியிலும் இதே இயந்திரம்தான் சிறிய அளவில் ஓடுகிறது. பக்கத்துக் கல்லூரியோடு பெண்கள் ஒரு நட்பு ஆட்டம் ஆட விரும்பினால் கடிதம் வேண்டும், பேருந்து வேண்டும், உடன் போக ஓர் ஆசிரியை வேண்டும், வீட்டின் சம்மதம் வேண்டும். இந்த நான்கில் ஒன்று எப்போதும் கிடைக்காது. பல்கலைக்கழக மண்டலப் போட்டிக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டாலோ முதல்வர் கையெழுத்திடுகிறார், ஓ.டி. கிடைக்கிறது, பேருந்தும் வருகிறது. “லெட்டர் காட்டுனா வீட்ல விட்ருவாங்க மேம். நாங்களே போய் ஆடுறோம்னா, எதுக்குன்னு கேப்பாங்க” என்றாள் கொக்கிலமேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி. மண்டலப் போட்டியில் ஆடினால் சான்றிதழ் உண்டு. மேல்நிலைப் போட்டிகளுக்கும், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கும் அங்கிருந்துதான் படி ஏற வேண்டும். தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஆடிய கடலூரின் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாடு பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை வீழ்த்தியும், 2023இல் ஹரியானாவை வீழ்த்தியும் தேசியப் பட்டம் வென்றது. சொத்தும் பின்புலமும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்குப் போட்டித்தொடர் என்பது சோற்றோடும் சம்பந்தப்பட்டது.

‘எதுக்கு’ என்ற அந்தக் கேள்விக்கு வயது அதிகம். சங்க அகப்பாடல்களில் பெண்கள் பந்தாடுகிறார்கள், கழங்காடுகிறார்கள், கடற்கரை மணலில் ஓரையாடுகிறார்கள். பருவம் வந்ததும், அல்லது களவு வெளிப்பட்டு அலர் எழுந்ததும், இற்செறிப்பு. மகள் உடன்போக்கில் போய்விட்டால், தாய் கண்டு அழுவது அவள் விட்டுப்போன பந்தையும் பாவையையும். நம் இலக்கியத்தில் பெண்ணின் பந்து பெரும்பாலும் விடப்பட்ட பொருளாகவே வருகிறது. ஆட்டம் அவள் சிறுமியாக இருப்பதன் அடையாளம். வளர்ந்தவளுக்கு அது பொருந்தாது என்பது அதன் உட்கிடை. இன்றும் எங்கள் நெய்தல் கரையில் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மாலையில் மணலில் கால்பந்து ஆடும் பெரிய பையன்களைப் பார்க்கலாம். பொங்கலுக்குப் பக்கத்துப் பக்கத்துக் குப்பங்கள் தங்களுக்குள் போட்டி வைத்துக்கொள்வார்கள். சாலையோரம் கோப்பையின் படத்தோடு ஃபிளெக்ஸ் நிற்கும். வட்டாரத் தொடர் என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. அதில் பெண்களுக்கு ஒதுக்கப்படுவது கோலப்போட்டி.

நாடுகள் நடத்தும் தொடர்களிலும் இதே வரிசைதான். பிரிவினை நடந்து ஐந்தே ஆண்டில், 1952இல், இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நான்கும் கொழும்பில் கூடி நாற்கரப் போட்டியைத் தொடங்கின. கொழும்பு, ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று 1955 வரை அது நடந்தது. அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்ட மண்ணில் பந்து சீக்கிரமே எல்லை தாண்டியது. ஆண்களின் பந்து. 1993இல் லாகூரில் தெற்காசிய ஆண்கள் தொடர் தொடங்கியது. பெண்களுக்கான தொடர் வரப் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஐரோப்பாவில் ஆண்களுக்கு 2018இல் வந்த லீக் பெண்களுக்கு 2023இல் வந்தது. இந்த இடைவெளியைக் ‘கட்டம் கட்டமாக’ என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். ஓர் ஆட்டக்காரியின் ஓட்டம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். பதினேழு ஆண்டுத் தாமதம் என்றால் ஒரு தலைமுறை முழுவதும் ஆடாமலே வீடு திரும்பியது என்று பொருள்.

தாமதமாக வந்தாலும் அந்தத் தொடர் செய்த வேலை சிறியதல்ல. 2014க்குப் பிறகு ஆட்டமே இல்லாமல் கிடந்த பாகிஸ்தான் பெண்கள், எட்டு ஆண்டுகள் கழித்து 2022இல் காத்மாண்டுவில் களமிறங்கியது இந்தத் தொடரில்தான். மாலத்தீவை 7–0 என்று வென்றார்கள். அந்த ஆண்டும் 2024லும் பங்களாதேஷ், நேபாளத்தை அதன் சொந்த மைதானத்திலேயே இறுதியாட்டத்தில் வென்றது. 2024இன் வெற்றி கோலை அடித்த ரிதுபர்ணா சக்மா, வங்க தேசியம் எப்போதும் ஓரத்திலேயே வைத்திருக்கும் மலைப்பகுதிச் சிறுபான்மை இனத்துப் பெண். 2025 ஜனவரியில் அதே நாட்டின் ஜாய்புர்ஹாட்டிலும் தினாஜ்பூரிலும் மதவாதிகளின் எதிர்ப்பால் பெண்கள் ஆட்டங்கள் நின்றன. அதே ஆண்டு ஜூலையில் ரிதுபர்ணாவின் இரண்டு கோல்களால் மியான்மரை வென்று, பங்களாதேஷ் முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றது. ஊர் மைதானத்தில் ஆடக்கூடாது என்று விரட்டுபவர்கள் முன்னால் நிற்க அந்தப் பெண்களுக்கு ஒரு கோப்பை தேவைப்படுகிறது.

இவ்வளவும் சொன்னபிறகு, தொடர் ஒன்றே போதும் என்று முடித்துவிட முடியாது. முதல் தடை, அண்டை வீட்டாரின் சண்டை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் நூறு ஆண்டுகள் நடத்திய உள்நாட்டுத் தொடர், 1981இல் பெல்ஃபாஸ்டுக்குப் போக இரண்டு அணிகள் மறுத்ததால் பாதியில் நின்றது. 1984இல் முடிந்தே போனது. எங்கள் மாமல்லபுரத்திலேயே இதைப் பார்த்தோம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சிற்பங்களுக்கிடையில் உலவினார்கள். மறு ஆண்டு ஜூனில் கல்வானில் இருபது இந்திய வீரர்கள் இறந்தார்கள். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் இங்கே தொடங்கிய நாளில், ஜோதி ஓட்டம் காஷ்மீர் வழியாகப் போனதைக் காரணம் காட்டி, வந்திறங்கிய பாகிஸ்தான் அணி ஆடாமலே திரும்பியது.

இரண்டாவது தடை, சமமில்லாத பலம். முதல் ஐந்து தெற்காசியத் தொடர்களையும் இந்தியப் பெண்களே வென்றார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அவர்களால் தகுதிச்சுற்று தாண்டி ஆசியக் கோப்பைக்குள் போக முடியவில்லை. பக்கத்து வீட்டோடு மட்டும் ஆடினால் பக்கத்து வீட்டு அளவுக்குத்தான் வளர முடியும். 2025இல் பெங்களூருவில் உஸ்பெகிஸ்தானோடு இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடி இரண்டிலும் தோற்ற அணிதான், ஒரு மாதம் கழித்து ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2–1 என்று வென்று, முதன்முறையாகத் தகுதிச்சுற்று வழியே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. இரண்டு கோல்களும் சங்கீதா பாஸ்ஃபோருடையவை. ஆண்கள் ஆடிச் சலித்துத் தூக்கியெறிய நினைக்கும் நட்பு ஆட்டம் பெண்களுக்கு இன்னும் பசி தீராத பண்டம்.

மூன்றாவது தடை வீட்டுக்குள் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் கால்பந்து நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. நாற்காலிச் சண்டை ஆண்களுடையது. ஆசியப் பெண்கள் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா அணி, ஆடாமல் திரும்பியது. அதே ஆண்டு, பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் அத்துமீறல் புகாரில் ஐரோப்பியப் பயணத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். ஆப்கானிஸ்தானில் ஆட்டக்காரிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிய கால்பந்துத் தலைவருக்கு 2019இல் ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது. 2021இல் தாலிபான்கள் வந்தபின் அந்தப் பெண்களுக்கு நாடே இல்லாமல் போனது. அண்டை நாட்டை மட்டுமே எதிரணியாக வைத்து யோசிப்பவர்களுக்கு, சொந்த வீடே எதிரணியாக நிற்கும் ஆட்டக்காரிகள் கண்ணில் படுவதில்லை.

ஆகவே வரப்போகும் எந்த வட்டாரத் தொடரையும் சில கேள்விகளால்தான் அளக்க வேண்டும். ஆண்களுக்கான முதல் ஆண்டிலேயே பெண்களுக்கும் அது தொடங்குமா? ஆட்டக்காரிகளுக்கு விசா தருவதை நடத்தும் நாடு முன்கூட்டியே எழுதிக்கொடுக்குமா? ஒரு நாட்டின் கூட்டமைப்பு இடைநீக்கமானாலும், நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டாலும், பெண்கள் ஆட வழி இருக்குமா? கூட்டமைப்புக்கு வெளியே நின்று புகார் கேட்க ஆள் இருக்குமா? இவை நடக்காத காரியங்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாமல்லபுரம் ஒலிம்பியாடில் பெண்கள் பிரிவும் பொதுப் பிரிவும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிந்தன. நிறைமாதக் கர்ப்பிணியான ஹரிகா, அந்த அரங்கில் உட்கார்ந்து ஆடினார். இந்தியப் பெண்கள் முதன்முறையாக வெண்கலம் வென்றார்கள். ஏற்பாடு இருந்தால் உடல் ஒரு சாக்காகாது.

‘பதிலாக’ என்ற சொல் ஆண்கள் அணிகளின் கோப்பில் இருந்துவிட்டுப் போகட்டும். அவர்களிடம் மாற்றிக்கொள்ள ஏதோ இருக்கிறது. பெண்கள் அணிகளின் கோப்பில் எழுத வேண்டிய சொல் ‘கூடவே’. ஆண்டுதோறும் தவறாமல் வரும் வட்டாரத் தொடர் வேண்டும். கூடவே, வலிய நாடுகளோடு தோற்றுக் கற்றுக்கொள்ள நட்பு ஆட்டங்களும் வேண்டும். அந்த நட்புக்கு யாரை அழைப்பது என்று முடிவுசெய்யும் மேசையில் ஆடிய பெண்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.