திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது? சென்னையில் எஞ்சியிருக்கும் பிரவுசிங் சென்டர்கள் குறித்து

1

பிரவுசிங் சென்டருக்கு இரங்கற்பா பாடுவது கொஞ்ச காலமாக நம் எழுத்தில் ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. மோடத்தின் கிரீச் சத்தம், மணிக்கு 60 ரூபாய், துணித்திரை தொங்கும் தடுப்பறை, யாஹூ மெசஞ்சர், யாருக்கோ அனுப்பிய முதல் மின்னஞ்சல் என்று எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பட்டியல். இவற்றில் பேசுகிற ‘நான்’ யார் என்று பார்த்தால், பெரும்பாலும் படித்த, வேலை கிடைத்துவிட்ட, நடுத்தர வர்க்க ஆண். அவன் கையில் ஸ்மார்ட்போன் வந்தது; அவன் கடைக்குப் போவதை நிறுத்தினான்; ஆகவே கடை செத்துப்போனது. தன் அனுபவம் முடிகிற இடத்தில் வரலாறும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது இந்த வர்க்கத்துக்குப் புதிதல்ல.

சென்னையில் கடை சாகவில்லை. குறைந்திருக்கிறது, இளைத்திருக்கிறது, போர்டை மாற்றியிருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் தெருக்களில், பாரிமுனைச் சந்துகளில், தாலுகா ஆபீஸ்களைச் சுற்றி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் அது இருக்கத்தான் செய்கிறது. ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். சில இடங்களில் இரண்டு. அங்கே காத்து நிற்பவர்களில் அநேகம் பேர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. போன் வந்ததால் கடை செத்தது என்கிற விளக்கம் இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது. போன் வைத்திருப்பவர் எதற்காகக் கடைக்கு வருகிறார்? இரங்கற்பாக்காரர்கள் கேட்காமல் விட்ட கேள்வி இது.

2

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியபோது அதைப் பெற்ற முதல் சில நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. 1998 நவம்பரில் தனியாருக்கும் கதவு திறக்கப்பட்டது. எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர்கள் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டரைப் போட்டார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம் ‘ஐவே’ என்ற பெயரில் சங்கிலிக் கடைகளையே நடத்தியது. போட்டியில் மணிக் கட்டணம் 20, 15 என்று இறங்கியது.

லண்டனில் 1994இல் ‘சைபீரியா’ திறந்தபோது அதைக் ‘கஃபே’ என்றார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஐரோப்பியக் காபிக் கடையின் நினைவு இருக்கிறது. ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய நூலில் பொதுவெளியின் பிறப்பிடங்களில் ஒன்றாகக் காட்டிய அதே காபிக் கடை. நம் ஊரில் காபியும் இல்லை, கஃபே என்ற பெயரும் ஜனங்கள் வாயில் நிற்கவில்லை. பிரவுசிங் சென்டர், அவ்வளவுதான். நமக்குப் பொதுவெளி என்று சொல்லிக்கொள்ள இருந்தது டீக்கடை. ஒருத்தர் தினத்தந்தியைச் சத்தமாக வாசிக்க நாலு பேர் கேட்பார்கள். (அதே டீக்கடையில் தனிக்குவளை இருந்தது என்பதை மறந்துவிட்டு அதைக் கொண்டாட முடியாது.) பிரவுசிங் சென்டரில் யார் நீ என்று கேட்காமல் காசுக்கு நாற்காலி கிடைத்தது. ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரோடு படுத்தெழும் பையனுக்கு, கதவு இல்லாத வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று கிடைத்த தடுப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும். அங்கே என்ன பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்பட்ட தனிமை என்று அதைச் சொல்லலாம். அதற்கு மேல் அதைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை, ஆபாசம் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை.

3

இந்தத் தனிமைதான் அரசை உறுத்தியது. 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு இலக்கியப் பிரதியைப் போலவே வாசிக்கத் தகுந்த ஆவணம் அது. தடுப்பறையின் உயரம் தரையிலிருந்து நாலரை அடியைத் தாண்டக் கூடாது. தடுப்பறைக்குள் இல்லாத கம்ப்யூட்டர்களின் திரை பொது இடத்தைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் தடுப்பறைக்குள் உட்காரக் கூடாது. வருகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை, எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். பார்த்த தளங்களின் விவரமும் அப்படியே.

ஃபூக்கோவின் ‘கண்காணிப்பும் தண்டனையும்’ (1975) படித்தவர்களுக்கு இதில் பெந்தாமின் சிறைக் கோபுரம் தெரியாமல் போகாது. உடம்பை எங்கே நிறுத்துவது, பார்வையை எந்தப் பக்கம் திருப்புவது, சுவரை எத்தனை அடியில் வெட்டுவது என்று அதிகாரம் அளவுகோல் எடுத்து வேலை செய்கிறது. ஆனால் ஃபூக்கோவின் பெயரைச் சொல்லிவிட்டதோடு நம் வேலை முடிந்துவிட்டதா? இந்த விதிகள் எழுதப்பட்ட கடைக்கும் இன்று எஞ்சியிருக்கும் கடைக்கும் சம்பந்தமே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மலிவு டேட்டாவோடு தனியாக உட்கார்ந்து பார்க்கிறவன் போய்விட்டான். நாலரை அடித் தடுப்புக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இன்றைய கடையில் வாடிக்கையாளருக்கு நாற்காலியே கிடையாது. நாற்காலியில் ஆபரேட்டர் இருக்கிறார். மேஜைக்கு இந்தப் பக்கம் நாம் நிற்கிறோம். திரை அவரைப் பார்த்திருக்கிறது. நமக்குத் தெரிவது மானிட்டரின் முதுகும் தொங்குகிற வயர்களும். தன் பெயரில், தன் ஆதாரில், தன் வீட்டைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதை எழுதச் சொன்னவரால் பார்க்க முடியாது. “ஓ.டி.பி. வந்துச்சா பாருங்க, சொல்லுங்க” என்கிறார் ஆபரேட்டர். நாலு பேர் நடுவில் ஆறு எண்களையும் உரக்கச் சொல்கிறார் அந்த அம்மா. டீக்கடைப் பத்திரிகைக்குப் பிறகு நாம் பொது இடத்தில் சத்தமாக வாசிப்பது இதைத்தான்.

காதலர்களின் தனிமையை ஒழிக்க நாலரை அடி என்று கணக்குப் போட்ட அரசு, இந்த மேஜையின் மேல் சிந்திக் கிடக்கும் தனிமையைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டம் வந்தது. கடையின் டெஸ்க்டாப்பிலோ ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில் தெருவில் பாதிப் பேரின் ஆதார் ஸ்கேன் கிடக்கிறது. பாஸ்வேர்டுகள் ஒரு கோடு போட்ட நோட்டில் இருக்கின்றன. ஆபரேட்டர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த நோட்டு இல்லாவிட்டால் அடுத்த தடவை அந்த அம்மாவுக்கு விண்ணப்பமே இல்லை.

4

கடையின் போர்டை ஒரு பிரதியாக எடுத்துக்கொள்வோம். ஜெராக்ஸ், ஸ்கேன், லேமினேஷன், பான் கார்டு, பாஸ்போர்ட், ரயில் டிக்கெட், ஸ்மார்ட் கார்டு, பட்டா, டி.என்.பி.எஸ்.சி., நீட், ஹால் டிக்கெட். மேலிருந்து கீழே படித்தால் ஒரு குடிமகன் பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் அரசின் முன்னால் நிற்க நேரும் இடங்களின் அட்டவணை அது. இந்த இடங்களில் பலவற்றில் முன்பு ஒரு ஜன்னல் இருந்தது, ஒரு தாள் இருந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கே நேரில் வர வேண்டியிருந்தது. 2018இல் அது இணையத்துக்குப் போனது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, நிராகரிக்கப்பட்டவர்கள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யச் சொல்லப்பட்டார்கள். வெள்ளாடு வாங்கக் கடன் கேட்டாலும் சரி, டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டாலும் சரி, போட்டோவை இத்தனை கே.பி.க்குள் சுருக்க வேண்டும். கையெழுத்தைத் தனியாக ஸ்கேன் செய்து வெட்ட வேண்டும். போனில் ரீல்ஸ் பார்க்கத் தெரிந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அரசு தன் கதவை ஒரு குறிப்பிட்ட திறமையின் அளவுக்குச் சுருக்கிவிட்டது. அந்தத் திறமையைக் கடை விற்கிறது.

எழுத்தறிவு என்ற சொல்லின் பொருளும் இங்கே மாறிப்போகிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுத்தவரிடம் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் போனார்கள். இன்று கடை மேஜைக்கு முன்னால் பட்டம் வாங்கியவர்களும் நிற்கிறார்கள். மரத்தடிக்காரர் எழுதி முடித்து ஒருமுறை வாசித்துக் காட்டுவார். கீழே கைநாட்டு வைப்பவருக்குத் தன் குறை என்ன சொல்லில் போகிறது என்பது காதில் விழும். விண்ணப்பப் படிவத்தில் குறை சொல்ல இடமே இல்லை. கீழிறங்கும் பட்டியலில் நம் குறை இருந்தால் சரி, இல்லாவிட்டால் ‘இதர’.

5

பெயருக்கு வருவோம். பான் கார்டு படிவத்தில் குடும்பப் பெயரை நிரப்பாமல் நகர முடியாது. அங்கே இனிஷியலும் செல்லாது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பிறகான அரசியலின் விளைவாகத் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. முன்னால் ஒரே ஒரு எழுத்து. அந்த வெற்றிடம் சும்மா வந்ததல்ல, போராடி உண்டாக்கியது. குடும்பப் பெயர் எல்லோருக்கும் உண்டு என்று அனுமானிக்கும் கட்டம், அந்த வெற்றிடத்தைக் குறைபாடாகப் பார்க்கிறது.

ஆபரேட்டர் என்ன செய்கிறார்? அப்பா பெயரைப் போடுகிறார். கல்யாணமான பெண் என்றால் “புருஷன் பேரு போட்றவா?” என்கிறார். ஆதாரில் ஒரு எழுத்துக்கோவை, மதிப்பெண் சான்றிதழில் இன்னொன்று, ரேஷன் கார்டில் மூன்றாவது. ‘ழ’வை ஒருத்தர் ஒரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதினால் அடுத்தவர் வேறு மாதிரி. அதன் பிறகு பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்புகிறது, திருத்த இன்னொரு விண்ணப்பம், அதற்கும் கடை. நூறு வருஷத்து அரசியல் வாதம் ஒன்று தினமும் இந்த மேஜையில் தீர்க்கப்படுகிறது. பெரியாரியக் கூட்டங்களிலும் தமிழ்த் தேசிய மேடைகளிலும் இதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை?

கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இந்தப் பிரச்சினை முகவரியாக வருகிறது. கூவம் கரையிலிருந்து லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கியது அரசு. ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை, வங்கி, கேஸ் என ஒவ்வொன்றிலும் தனித்தனியாக முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டிய பொறுப்பு மட்டும் இறக்கப்பட்டவர்களுடையது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கடையில் நின்றால் “சர்வர் டவுன்” என்ற பதில் வருகிறது. “ஐயா கேம்ப் போயிருக்காரு, நாளைக்கு வா” என்று முன்பு சொன்னதின் இன்றைய வடிவம் இது. ஒரு வித்தியாசம் உண்டு. ஐயாவிடம் சண்டை போட முடிந்தது. பத்துப் பேர் சேர்ந்து ஆபீஸ் வாசலில் உட்கார முடிந்தது. சர்வருக்கு வாசல் இல்லை. கோபம் முழுவதும் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் பெண் மேல் விழுகிறது. இடைத்தரகரை ஒழிப்போம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இடைத்தரகரைத் தெருவுக்குத் தெரு வைத்திருக்கிறது. அரசுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று அடி வாங்கும் வேலையும் அவருக்கே.

6

இது சென்னைக்கு மட்டும் உரியதல்ல. டோக்கியோவில் இணையக் கஃபேக்கள் எஞ்சியிருப்பதற்கான காரணம் வேறு: அங்கே தடுப்பறை தூங்குவதற்கு விற்கப்படுகிறது. வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியாத கூலித் தொழிலாளர்கள் இரவை அங்கே கழிக்கிறார்கள். டோக்கியோ மாநகர அரசு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி அப்படி வீடில்லாமல் தங்குகிறவர்கள் சுமார் 4,000 பேர். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகக் கஃபேக்களை மூடச் சொன்னபோது அவர்களுக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அங்கே வீடு; இங்கே ஜன்னல். அரசு கைவிட்ட பொறுப்பு எதுவோ அதை விற்றுத்தான் இரண்டு ஊரிலும் கடை பிழைக்கிறது. கடையை ஒரு பழம்பொருளாகப் பார்க்கிறவருக்கு இது தெரியாது.

அப்படியானால் கோரிக்கை என்ன? கடையை மூடு என்பதல்ல. மூடினால் நிற்கிறவர்களுக்கு இருக்கிற ஒரே வழியும் போய்விடும். எந்த விண்ணப்பமானாலும் தாளில் கொடுக்கும் உரிமை வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பித் தருவது அந்தந்த அலுவலகத்தின் வேலை, காசில்லாமல். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு நகர முடிய வேண்டும். மேஜைக்கு இந்தப் பக்கமும் ஒரு திரை; அனுப்புவதற்கு முன் தமிழில் வாசித்துக் காட்டுவது கட்டாயம். 2011இல் திரையை எந்தப் பக்கம் திருப்புவது என்று விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதுவது கஷ்டமா? அவர்களாக எழுதப்போவதில்லை. இயக்கங்கள் தெருமுனைக் கூட்டம் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் கடை இருக்கிறது. துண்டறிக்கையை ஜெராக்ஸ் எடுக்க நாமும் அங்கேதான் போகிறோம். பக்கத்தில் நிற்கிறவர் எதற்காக நிற்கிறார் என்று கேட்டிருக்கிறோமா?